எலி வளையானாலும் தனி வளை

கேள்வி: எங்கள் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பெங்களூரில் என் அண்ணன் வீட்டில் சிரியன் ஹாம்ஸ்டர் என்கிற, எலி போன்ற குட்டிச் செல்லப் பிராணியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், ஏப்ரல் கடைசியில் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்பதால் ஜோடியாக வாங்க நினைக்கிறோம். இரண்டு தட்டு வைத்த கம்பிக் கூண்டு, சக்கரம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்தே கடையில் தருகிறார்கள். எங்கள் வீடு திருச்சியில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள தளத்தில். ஏசி படுக்கையறையில் மட்டும்தான். "எலிக்குப் பொறி வைக்கிற வீட்டில் எலியைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா?" என்று மாமியார் கேட்கிறார். இதுவரை ஒரு பிராணியும் வளர்த்ததில்லை. என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

– திருச்சி வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஏப்ரலில் வாங்குவது, ஜோடியாக வாங்குவது, கம்பிக் கூண்டோடு வாங்குவது என்று மூன்று முடிவுகளை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். பாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீற வேண்டாம். தேதியை மட்டும் ஐப்பசி மழைக்குப் பிறகு தள்ளிவையுங்கள். அதுவரை செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் ஜோடி விஷயம். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் முன்னோர் மனிதர்களுக்காகச் சொன்னது சிரியன் ஹாம்ஸ்டருக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்தும். சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றியுள்ள வயல்களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதன் வளைகளைத் தேடிப் பார்த்தபோது, எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இருக்கவில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்ற உறவெல்லாம் எட்டு வாரத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரே கூண்டில் இரண்டு இருந்தால் சண்டை நிச்சயம். அந்தச் சண்டை நடப்பது நள்ளிரவில், நாம் தூங்கும்போது. காலையில் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், வாலடியிலும் அடிவயிற்றிலும் கடிக்காயங்களோடு. இப்படிப்பட்ட காயங்களுக்கு நான் தையல் போட்ட ஒவ்வொரு முறையும் கூட வந்த குடும்பம் சொன்னது ஒன்றுதான்: "கடையில் ஒற்றுமையாகத்தான் இருந்தன, டாக்டர்." கடையில் அவை குட்டிகள். அந்த ஒற்றுமை வயதினால் வந்தது.

ஆணும் பெண்ணுமாக வாங்கினால் வேறு கதை. பெண் ஹாம்ஸ்டர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை இணைசேரும் பருவத்துக்கு வரும். சினைக்காலம் 16 நாட்கள்தான். பாலூட்டிகளில் இதைவிடக் குறைவான சினைக்காலத்தைக் காண்பது அரிது. ஓர் ஈற்றில் எட்டு, பத்து குட்டிகள் சாதாரணம். ஒன்றை மட்டும் வாங்கினாலும் இந்தச் சிக்கல் வரலாம், ஏனென்றால் பல கடைகளில் ஆண் பெண் பிரிக்காமல் ஒரே தொட்டியில் போட்டுவைக்கிறார்கள். வாங்கி வந்த இரண்டாவது வாரத்தில் படுக்கையாகப் போட்ட தாளுக்கு அடியிலிருந்து கீச்சுக் குரல் கேட்டால் பதற வேண்டாம். தாய்க்குத் தீனியைக் கூட்டிக் கொடுங்கள், தண்ணீர் வையுங்கள், இரண்டு வாரத்துக்குக் கூட்டில் கை வைக்காதீர்கள். எட்டிப் பார்ப்பதும் சுத்தம் செய்வதும் தாய்க்கு அச்சமூட்டும். அஞ்சிய தாய் குட்டிகளைத் தின்றுவிடும்.

இனி வெயில். நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஹாம்ஸ்டரைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். சிரியாவும் வெயில் நாடுதானே என்று கேட்பீர்கள். அலெப்போவில் கோடையின் பகல் வெப்பம் 36 டிகிரியைத் தொடுவது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் ஹாம்ஸ்டர் வெளியே இருக்காது. அரை மீட்டருக்கும் ஆழமான வளைக்குள், இருட்டில், குளிர்ந்த மண்ணில் படுத்திருக்கும். நாம் அதன் வளையைப் பறித்துவிட்டு, கம்பிக் கூண்டில் தரைக்கு மேலே நிறுத்தி, திருச்சியின் மே மாதத்தைக் கொடுக்கிறோம். அதற்கு வியர்க்காது. அதனால் மின்விசிறிக் காற்று நமக்குத் தருகிற சுகத்தை அதற்குத் தராது. சூடான அறையில் விசிறி சூடான காற்றைத்தான் அதன் மேல் வீசும்.

அதற்கு இதமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி. 26 தாண்டினால் கவனம் வேண்டும். 30 தாண்டினால் ஆபத்து. உங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர்கீழே என்கிறீர்கள். பகலெல்லாம் காங்கிரீட் குடித்த வெயிலை இரவு பத்து மணிக்கு மேலும் அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கும் தளம் அது. ஏசி இருப்பது படுக்கையறையில். நீங்கள் ஏசி போடுவது இரவில். ஹாம்ஸ்டருக்கு ஏசி தேவைப்படுவதோ காலை பதினொன்றிலிருந்து மாலை வரை, அதாவது நீங்கள் வேலைக்கும் பாப்பா பள்ளிக்கும் போயிருக்கும் நேரத்தில். இரவில் உங்களோடு அதே அறையில் வைத்தால் அது சக்கரம் சுற்றும் சத்தத்தில் உங்களுக்குத் தூக்கம் போகும். இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கப் போகிறீர்கள் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கோடையில் பகல் முழுவதும் 25 அல்லது 26 டிகிரியில் ஏசி ஓடும், அந்தக் கரண்ட் பில்லைக் கட்டுவோம் என்று முடிவெடுத்தால் மட்டும் மேற்கொண்டு செல்லுங்கள். ஹாம்ஸ்டர் வாழ்வது இரண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டுகள். கார்த்திகையில் குட்டியாக வாங்கினால் முதல் கோடையின்போது அது வாலிபத்தில் இருக்கும், இரண்டாவது கோடையின்போது கிழமாகியிருக்கும். அந்த இரண்டாவது கோடைதான் கண்டம்.

மின்வெட்டுக்கும் ஒரு திட்டம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எப்போதும் உறைநிலைப் பெட்டியில் வைத்திருங்கள். கரண்ட் போனதும் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கத்தில் சாய்த்து வையுங்கள். மறுபக்கம் சாதாரணமாகவே இருக்கட்டும். குளிர் வேண்டுமானால் அது தானே தேடிப் போகும். தரையில் பதித்ததுபோக மிஞ்சிய டைல்ஸ் துண்டு ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தால், வயிற்றைப் பரப்பி அதன் மேல் படுத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த சாதனம், குயவர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மண்சட்டி. வாயை நன்றாக அகலமாக்கி, விளிம்பைத் தேய்த்து மழுக்கிக் கவிழ்த்து வைத்தால் இருட்டும் குளிர்ச்சியும் உள்ள வீடு தயார். பிளாஸ்டிக் வீடுகளைக் கோடையில் எடுத்துவிடுங்கள்.

ஹாம்ஸ்டர் தட்டையாகக் கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, வாயோரம் எச்சில் நனைத்திருந்தாலோ, கையில் எடுத்தால் துணிபோலத் துவண்டாலோ, அது வெப்பத்தாக்கு. உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் கிடத்துங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக்கூடாது, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடும். நினைவிருந்தால் வாயோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கலாம். அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள். (ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம். குளிர் மிகுந்த மார்கழிக் காலையில் ஹாம்ஸ்டர் சில்லிட்டு விறைத்துக் கிடந்தால் புதைக்க அவசரப்படாதீர்கள். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கலாம். உள்ளங்கைச் சூட்டில் மெதுவாக எழுப்பிப் பாருங்கள்.)

இப்போது வீடு. கடைக்காரர் காட்டிய கம்பிக் கூண்டு, பார்க்கும் நம் கண்ணுக்கு அழகு. உள்ளே இருக்கும் உயிருக்கு மூன்று தொல்லைகள் உண்டு. ஆழமாகத் தாள் நிரப்ப முடியாது. தட்டிலிருந்து தட்டுக்கு ஏறி விழும். தூரப் பார்வை மங்கலான பிராணி அது. வெளியேறும் வழி தேடி இரவெல்லாம் கம்பியைக் கடிக்கும். கடிப்பதைப் பல் கூராக்குவது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது சலிப்பும் நெருக்கடியும். ஜெர்மானிய விலங்குநல மருத்துவர்கள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 50, உயரம் 50. நம் கணக்கில் மூன்றேகால் அடிக்கு ஒன்றரை அடிக்குச் சற்று மேல். கடைகளில் இது சுலபமாகக் கிடைக்காது.

எனவே தச்சரிடம் போங்கள். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பிளைவுட் பெட்டி. முன்பக்கம் கண்ணாடி, மேல்மூடியும் ஒரு பக்கவாட்டு ஜன்னலும் நெருக்கமான கம்பி வலை. உள்ளே சிறுநீர் ஊறாதபடி அடித்தளத்தில் லினோலியம் விரிப்பு ஒட்டச் சொல்லுங்கள். வார்னிஷ் அடித்தால் வாடை முழுவதும் போக ஒரு மாதம் திறந்து வையுங்கள். பழைய மீன் தொட்டி நான்கடியில் கிடைத்தாலும் சரிதான், ஆனால் கண்ணாடி நான்கு பக்கமும் காற்றைத் தடுக்கும். கடலோர ஊர்களில் புழுக்கத்துக்கு அது ஏற்றதல்ல, திருச்சியில் சமாளிக்கலாம். விலங்கின் விலையைப் போல இந்த வீட்டின் விலை பல மடங்கு ஆகும். கூண்டோடு சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காக வாங்கியவர்கள் மூன்றாவது மாதம் இதே செலவைத்தான் செய்கிறார்கள், முதல் கூண்டின் காசும் போய்.

பெட்டியின் ஒரு பாதியில் முக்கால் அடிக்குக் குறையாமல் தாள் நிரப்புங்கள். அச்சில்லாத வெள்ளைத் தாளைக் கீற்றாகக் கிழித்தது, வாசனை சேர்க்காத டிஷ்யூ, கிடைத்தால் கடையில் விற்கும் தாள் படுக்கைத் துகள், இடையிடையே உலர்ந்த புல். அமுக்கி நிரப்பினால் சுரங்கம் சரியாமல் நிற்கும். முதல் வாரத்திலேயே அது உள்ளே புகுந்து படுக்கையறை, தானியக் கிடங்கு, கழிப்பிடம் என்று பிரித்துக்கொள்ளும். நம் இருளர் மக்கள் வயல் எலியின் வளையைத் தோண்டி நெல்லை மீட்டெடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாம்ஸ்டரும் அந்த வகைச் சேமிப்பாளிதான்.

இரண்டு பொருட்களை வீட்டுக்குள் விடவே கூடாது. ஒன்று, மரப்பட்டறைத் தூள். இலவசமாகக் கிடைக்கும், எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று தெரியாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். இரண்டாவது பஞ்சு. மெத்தென்று இருக்குமே என்று பாட்டிமார் இலவம்பஞ்சை எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் இழை காலில் சுற்றி இறுகினால் கால் அழுகிவிடும். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். "ஹாம்ஸ்டர் பஞ்சு" என்று பெயரிட்டுப் பொட்டலம் போட்டு விற்றாலும் அதே கதிதான்.

சக்கரம் 28 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக்கூடாது, ஓடும் தளம் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கூண்டோடு தரும் சிறு கம்பிச் சக்கரத்தில் அது முதுகை வில்லாக வளைத்து ஓடும். கம்பிக்கிடையில் கால் மாட்டும். ஓர் இரவில் பல கிலோமீட்டர் ஓடுகிற பிராணிக்கு இது சின்ன விஷயமல்ல. பிளாஸ்டிக் உருண்டைக்குள் அடைத்து வீடெங்கும் உருட்டும் விளையாட்டுச் சாமான் வேண்டவே வேண்டாம்.

குளியல் என்றதும் சோப்பும் தண்ணீரும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். அது மணலில் புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஆற்று மணலைச் சலித்துக் கழுவி, இருப்புச்சட்டியில் வறுத்து, நன்றாக ஆறியபின் ஒரு தட்டில் வையுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அது நொறுக்கிய கல். சுத்தம் பற்றி இன்னொன்று. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைக் கழுவிவிடும் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஹாம்ஸ்டர் தன் வீட்டை வாசனையால் அறிகிறது. மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் முன்பின் தெரியாத ஊரில் விட்டதுபோலத் திகைக்கும். கழிப்பிட மூலையை மட்டும் தினமும் எடுங்கள். மாதம் ஒருமுறை தாளில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, பழையதில் சுத்தமான கொஞ்சத்தைப் புதியதோடு கலந்துவிடுங்கள்.

தீனியில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: சிறுதானிய நாடு. தினை, கம்பு, கேழ்வரகு, குதிரைவாலி, கோதுமை எல்லாம் அதற்குப் பிடிக்கும். ஆனால் தானியம் மட்டும் முழு உணவாகாது. முழுச்சத்துள்ள ஹாம்ஸ்டர் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும், தானியம் அதோடு சேரட்டும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் போதும். வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு சுண்டுவிரல் நகமளவு, அல்லது உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்று. தினமும் ஒரு சிறு துண்டு வெள்ளரி, கொஞ்சம் கொத்தமல்லித் தழை. சூரியகாந்தி விதையையே நாளெல்லாம் போட்டு வளர்த்தால் கொழுத்துவிடும். அதைக் கையில் வைத்துப் பழக்குவதற்கான கையூட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட், உப்பும் எண்ணெயும் போட்ட எதுவும் கூடாது. கடலை மிட்டாயைக் குறிப்பாகச் சொல்கிறேன். பாப்பா அன்போடு ஒரு துண்டு கொடுப்பாள், அது கன்னப்பையில் போட்டுக்கொள்ளும், பாகு உள்ளே ஒட்டிப் புண்ணாகும்.

எறும்பு வருமே என்றால், வரும். நம் பாட்டிமார் உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்த அதே உத்தியைப் பெட்டி வைக்கும் மேசைக்கும் செய்யுங்கள். எறும்புச் சாக்பீஸ், பூச்சி மருந்து, கொசுவர்த்தி, அந்துருண்டை, ஊதுபத்திப் புகை எல்லாம் அந்த அறைக்கு ஆகாது.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயம்தான். சிந்தும் தானியம் வீட்டெலியைக் கூப்பிடும், வீட்டெலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். எனவே தீனியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், பெட்டியின் வலையில் பென்சில் நுழையும் ஓட்டைகூட இருக்கக்கூடாது. எலிப்பசை அட்டை, எலி மருந்துக் கட்டி இரண்டையும் ஹாம்ஸ்டர் வருவதற்கு முன்பே அகற்றிவிடுங்கள், ஏனென்றால் ஒருநாள் மூடியைச் சரியாகப் போடாமல் அது தப்பத்தான் போகிறது. அப்போது மாமியாரின் கோலமாவுதான் துணை. இரவில் ஒவ்வோர் அறை வாசலிலும் லேசாகத் தூவி வையுங்கள். காலையில் சின்னஞ்சிறு கால்தடம் எந்த அறைக்குள் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அறைக் கதவை அடைத்து, ஒரு வாளிக்குள் துணியும் தீனியும் போட்டு, ஏறிப்போகப் புத்தகப் படிக்கட்டு வையுங்கள். இரவில் தானே விழுந்து மாட்டிக்கொள்ளும்.

இது நம் வீட்டெலிக்குத் தூரத்து உறவுதான் என்பதையும், இதற்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியைக் கண்டார். இன்றும் அந்தக் கிருமியின் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. அந்த வகை நோயை ஜெருசலேமில் ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லருக்கு, கூண்டில் இனம் பெருக்கும் ஆய்வு விலங்கு ஒன்று வேண்டியிருந்தது. அவருக்காக இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் 1930இல் அலெப்போ அருகே கோதுமை வயலைத் தோண்டி, ஒரு தாயையும் பதினொரு குட்டிகளையும் எடுத்தார். வழியில் பல போயின. மிஞ்சிய சிலவற்றின் வம்சம்தான் இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை. நான் படித்த காலத்தில்கூட எங்கள் பாடத்தில் இது ஆய்வுக்கூட விலங்காக மட்டுமே தலைகாட்டியது. சொந்த மண்ணிலோ இது இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது.

கடைக்குப் போகும்போது மாலை மயங்கியபின் போங்கள், பகலில் எல்லாம் தூங்கும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த கடையா என்று கேளுங்கள். 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு கட்டாயம். டெடி பியர், கோல்டன் என்று எந்தப் பெயரில் விற்றாலும் சிரியன் இதுதான். கண் பளிச்சென்று இருக்க வேண்டும், வாலடி உலர்ந்திருக்க வேண்டும். ஒரே தொட்டியில் ஒன்றுக்கு வாலடி ஈரமாக, அழுக்காக இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள். குட்டிகளைத் தாக்கும் அந்த வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும், மற்றவற்றுக்கும் தொற்றும்.

வந்த முதல் மூன்று நாட்கள் யாரும் தொடக்கூடாது. பாப்பாவுக்கு இதுதான் கடினமான பாடம். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசலாம், ஒரு டிஷ்யூவைக் கையில் தேய்த்து உள்ளே போடலாம். அது அதை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் சேர்த்துக்கொண்டால், இவளுடைய வாசனை அதன் வீட்டுக்குள் போய்விட்டது என்று பொருள். பிறகு இரவு எட்டு மணிக்குமேல் உள்ளங்கையில் ஒரு விதை. மேலிருந்து கையை இறக்கிப் பிடிக்க வேண்டாம். அதற்கு அது பருந்தின் கால். முதலில் ஓர் உழக்கிலோ டம்ளரிலோ ஏறவிட்டுத் தூக்குங்கள். தூக்குபவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நிற்கும் உயரத்திலிருந்து விழுந்தால் கால் முறியும். பகலில் தூங்குவதை எழுப்பினால் கடிக்கும், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தொட்ட பிறகு கை கழுவுவது எப்போதும் கட்டாயம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கூண்டைச் சுத்தம் செய்யக் கூடாது.

மருத்துவர் விஷயத்தை இப்போதே முடித்துவையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஹாம்ஸ்டரைப் பார்ப்பதில்லை. திருச்சியில் யார் பார்க்கிறார்கள் என்று நான்கு இடத்தில் தொலைபேசியில் கேட்டு எழுதிவையுங்கள். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்த எண்களும் கையில் இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அமாக்சிசிலின் சொட்டு ஊற்றிவிடாதீர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் அந்த மருந்து ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, உயிரையே எடுத்துவிடும்.

நீங்கள் பதறி ஓடிவரத் தேவையில்லாத மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பல் மஞ்சளாக, சற்று ஆரஞ்சாக இருக்கும், அதுதான் ஆரோக்கியம். இரண்டு இடுப்பிலும் மயிருக்கடியில் கருமையான புள்ளி தெரியும். உண்ணியுமல்ல மருவுமல்ல, வாசனைச் சுரப்பி. ஒருவர் அதை இடுக்கியால் பிடுங்கப் பார்த்துக் கடி வாங்கிக்கொண்டு வந்தார். ஆண் ஹாம்ஸ்டரின் பின்புறம் பெரிதாகப் புடைத்திருப்பது கட்டியல்ல, விதைப்பை. கோடையில் இன்னும் பெரிதாகத் தெரியும். "டியூமரா டாக்டர்?" என்று கண்கலங்கக் கேட்ட தந்தையிடம் பிள்ளைகள் முன்னால் இதை விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள், தீபாவளி வெடிச் சத்தத்திலும் புகையிலும் எந்த உள்ளறையில் வைப்பீர்கள் என்பதையும் யோசித்துவையுங்கள். ஒன்பது வயதுக் குழந்தையிடம் ஓர் உயிரின் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்க முடியாது. அது உங்கள் ஹாம்ஸ்டர், அவள் உதவியாள்.

இந்த விடுமுறையில் அந்த உதவியாளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அறை வெப்பம் காட்டும் ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டி வைக்க நினைத்திருக்கும் இடத்தில், அதே உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். காலை எட்டு, பிற்பகல் மூன்று, இரவு பத்து என்று மூன்று வேளையும் அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். மே முதல் வாரம் ஏழு நாட்கள் போதும். அதில் இரண்டு நாள் பகலில் ஏசியை 26இல் ஓடவிட்டுப் பாருங்கள், ஒரு நாள் மூன்று மணிக்கு அதை அணைத்து, எத்தனை நிமிடத்தில் 30ஐத் தொடுகிறது என்றும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். தச்சருக்கு முன்பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.